நான்கு சொல் வாக்கியம்

பழனிசெட்டிபட்டியில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஒன்றரை வருடமாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். தொடங்கும்போது எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன், பி.எட். முடித்திருந்தேன். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, எதிலும் அரை மணி நேரம் தரிக்காமல் திரிந்த காலம். வகுப்பு தொடங்கலாம் என்று ஒரு திங்கட்கிழமை தோன்றியது. வியாழக்கிழமைக்குள் அறை பிடித்து, கரும்பலகை வாங்கி, நாற்பது உரையாடல்கள் எழுதி முடித்துவிட்டேன். பஸ் நிலையத்தில், மருந்துக் கடையில், வங்கியில், போனில். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், எட்டு வரி. இலக்கணம் கொஞ்சம்போலத்தான்: முதல் மூன்று வாரம் ஆம், இஸ், ஆர், பிறகு வினைச்சொல்லின் மூன்று வடிவங்கள் எழுதிய அட்டை சுவரில். மீதியெல்லாம் பேச்சு. பேசிப் பேசித்தான் மொழி வரும் என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

மதிய வகுப்பில் ஆறு பேர். அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம். மலையாளம் சரளம், இந்தி சமாளிப்பார். ஆங்கிலத்தில் போன் வந்தால் மட்டும் மகனிடம் நீட்ட வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு அவமானம். இன்னொருவர் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நர்ஸ். முப்பத்தாறு வயது. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் வருவார். திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு உள்ளே வருவார். நான் அவரை அக்கா என்பேன். வகுப்புக்குள் அவருக்கு நான் மிஸ்; படியில் பாப்பா.

அக்கா என்னிடம் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. இரண்டு மாதத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு வீடியோவில் நேர்காணல் கொடுத்திருந்தார். மருந்து, காயம், பதிவேடு எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒரு பேச்சுப் பயிற்சி. உங்கள் வார்டில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்து அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார். எங்களை அந்த மகனாக நினைத்துப் பேசுங்கள் என்றார்களாம். அக்கா சொன்ன பதில்: உங்கள் அப்பா சீரியஸாக இருக்கிறார், உடனே கிளம்பி வாருங்கள். அவர்கள் மறுபடி கேட்டிருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறாரா என்று. அக்கா மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாளில் கடிதம் வந்துவிட்டது. மொழியில் குறை இல்லை, ஆனால் முக்கியமான செய்தியை உறவினரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு முறை மட்டும் திரும்பவும் முயலலாம். அக்காவின் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கணவருக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை, வேலை வந்த அன்றைக்குத்தான் வேலை. மூத்த பெண் பதினொன்றாம் வகுப்பு. இந்த வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும். அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். என்னிடம் காட்டியபோது மடிப்புகள் நைந்திருந்தன.

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இவ்வளவுதானா என்று. நான்கு சொல் வாக்கியம். 'யுவர் ஃபாதர் ஹாஸ் டைடு.' வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், அதுவும் என் அட்டையிலேயே இருக்கிறது. ஒரே வாரத்தில் தயார் செய்துவிடலாம் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் எழுதச் சொன்னேன். அழகான கையெழுத்தில், தப்பில்லாமல் எழுதினார். வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பிறகு பாயை மகனாக உட்காரவைத்து, இருவரையும் முதுகோடு முதுகாகத் திருப்பி, போன் பேசச் சொன்னேன். பாய் காதில் கையை வைத்துக்கொண்டு, அப்பா எப்படி இருக்கிறார் சிஸ்டர் என்று ஆங்கிலத்தில் கனத்த குரலில் கேட்டார். அக்கா வாயைத் திறந்தார். அவர் சீரியஸாக இருக்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்றுதான் வந்தது. பாய் சரி சரி என்று போனை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன பாய், எங்க எந்திரிச்சுட்டீக?" என்றேன்.

"சீரியஸ்னு சொல்லிட்டாகளே. கிளம்ப வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் போனில் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கோ அண்ணன் தம்பிக்கோ, 'சீரியஸா இருக்காக, கிளம்பி வா' என்று மட்டும்தான் சொல்வார்கள். வந்து சேர்ந்து தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. கேட்பவருக்கும் பாதி தெரியும், சொல்பவருக்கும் அது தெரியும். இருந்தாலும் வாயால் சொல்லமாட்டார்கள். அக்கா பதினான்கு வருடம் வார்டில் இருந்தவர். டாக்டர் பார்த்து உறுதி சொன்னபிறகு வீட்டுக்குப் போன் போடுவது நர்ஸ் வேலைதான். இந்தப் பதினான்கு வருடத்தில் எத்தனையோ போன்; ஒன்றில்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இரண்டு வாரம் ஓடியது. பாயை மகனாக்கினேன், மகளாக்கினேன், மருமகனாக்கினேன். நானே மகனாக உட்கார்ந்தேன். பலனில்லை. வாக்கியத்தின் விளிம்பு வரை வந்து, யுவர் ஃபாதர் என்று தொடங்கி, அங்கே ஒரு கணம் நின்று, சீரியஸில் போய் விழுவார். ஒரு நாள் பொறுமை போய்விட்டது. கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்: "அக்கா, இது இங்கிலீஷ் பிரச்சினை இல்ல. நீங்க பொய் சொல்றீக. பழகின பொய்."

அக்கா கோபப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு வேறு ஓர் உரையாடலைக் கொடுத்துவிட்டு நானும் போய் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது அப்பாவின் சாவு.

மதுரையில் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குச் சித்தப்பா போன். அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா என்றார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, பயப்பட ஒன்றுமில்லை வா என்றார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். அப்பா என்ன ரத்தப் பிரிவு என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலிருந்தே விடுதித் தோழிகளுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் போட்டு, உசிலம்பட்டி வருவதற்குள் அதே பிரிவு ரத்தம் உள்ள இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். ஒருத்தி விடுதியில் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டுத் தேனி பஸ்ஸே ஏறிவிட்டாள். ஆண்டிப்பட்டிக் கணவாய் இறங்கும்போது, மதுரைக்கு மாற்றச் சொன்னால் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போன் காதில்தான் இருந்தது. அப்பா போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் ரத்தம் கொடுக்க வந்துகொண்டிருந்தவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த ரெண்டு மணி நேரத்தை நான் யாருக்கும் மன்னிக்கல அக்கா" என்றேன். "என்னைய முட்டாளா ஆக்கிட்டாக."

கீழே கடையில் யாரோ பேட்டரியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கேட்டார்: "பஸ்ல உன் கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"சித்தப்பா நேரா சொல்லியிருந்தா, நீ அந்த பஸ் ஏறியிருப்பியா பாப்பா? தனியா?"

ஏறியிருப்பேன் என்று சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் வந்ததும் அவராகவே பாயைத் திரும்பி உட்காரச் சொன்னார். பாய் கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, நான்கு சொல்லையும் சொல்லிவிட்டார். பாய் காதில் வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே இருந்தார். நான் கைதட்டினேன். அன்றைக்கு நான் கைதட்டியிருக்கக் கூடாது என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் நான்கு நாள் அக்கா வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

வார்டில் ஒரு பெரியவர் காலை ஆறேகாலுக்கு இறந்திருக்கிறார். மகன் ஜீப் டிரைவர். விடிந்ததும் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன். அக்கா போன் போட்டார். அப்பா எப்படி இருக்காக சிஸ்டர் என்று அவன் கேட்டதும், என்னுடைய வகுப்பும் என்னுடைய இரண்டு மணி நேரமும் நினைவுக்கு வந்திருக்கின்றன. மறைக்கக் கூடாது என்று நினைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் சொல்லிவிட்டார்: "அப்பா இறந்துட்டாக தம்பி."

போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. எட்டு மணி வரை எடுக்கவில்லை. ஒன்பது மணி வரை எடுக்கவில்லை. போடிமெட்டு ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அங்கே உருண்ட ஜீப்பிலிருந்து வந்தவர்களுக்கு அவரே கட்டுப் போட்டிருக்கிறார். மற்ற நோயாளிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே, காயத்தோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏதாவது வண்டி வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பத்து மணிக்கு அவன் வந்தான். ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தியைக் கேட்டதும் ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். வேலைக்குப் போகிற எட்டுப் பெண்களும் இறங்கி, அவனையும் இறக்கி, ரோட்டோரம் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவன் ஒரு மணி நேரம் அழுது முடிக்கும் வரை அவர்களில் ஒருத்தியும் வேலைக்கு நேரமாச்சு என்று சொல்லவில்லை. பின்னால் வந்த இன்னொரு ஜீப்காரர்தான் அவனைக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

அவன் அக்காவைக் குறை சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். அவனுடைய தாய்மாமன்தான் வார்டு நடுவில் நின்று, மலை ஏறிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட இப்படியா பட்டென்று சொல்வார்கள், எட்டு உயிர் அந்த வண்டியில் இருந்ததே என்று கேட்டார்.

"அந்த மாமன் கேட்டது சரிதான்" என்றார் எங்களிடம். "எங்கன இருக்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. பதினாலு வருசமா சீரியஸ்னு சொன்னப்ப அது தேவைப்படல. இப்ப தேவைப்பட்டுச்சு."

நான் எழுதிய நாற்பது உரையாடல்களிலும் எல்லோரும் நேராக விஷயத்துக்கு வருவார்கள். மறுமுனையில் இருப்பவர் எந்த வளைவில் இருக்கிறார் என்று எதிலுமே யாரும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொன்னபோது பாய்தான் குறுக்கிட்டார்.

"ஆத்தா, நீயும் அழுது, சிஸ்டரும் அழுதா பாடம் யாரு நடத்துறது? எனக்கும் போடியில வேலை கிடக்கு. மகன் ரெடி. கேளுங்க சிஸ்டர்."

அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அக்கா நின்றபடியே தொடங்கினார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாய் யோசிக்காமல், சின்னமனூர் மார்க்கெட் என்றார். வண்டி ஓட்டுகிறீர்களா? இல்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? என் பங்காளி இருக்கிறான். உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு, கண்ணைத் திறந்துகொண்டே, நான்கு சொல். இந்த முறை நான் கைதட்டவில்லை.

மீதி நாட்களில் நாங்கள் பழகியது இந்தக் கேள்விகளைத்தான். நான் இலக்கணம் பார்த்தேன். எதைக் கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அக்கா முடிவு செய்தார். தமிழில் மட்டும் இனி எந்தக் காலத்திலும் அப்படிச் சொல்லப்போவதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். இங்கிலாந்து மலைரோடு இல்லை, அங்கே ஆட்களும் வேறு; இங்கே நான் சீரியஸ் என்றுதான் சொல்வேன் என்றார். நான் வாதாடினேன். இரண்டு நாள் வாதாடினேன். அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை.

நேர்காணல் எங்கள் அறையிலேயே நடந்தது. மதியம் மூன்று மணி, அங்கே காலை. கரண்ட் போனாலும் கவலை இல்லை, கீழே கடைக்காரர் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்திருந்தார். பாய் யாரும் மேலே ஏறிவிடாமல் படியில் உட்கார்ந்துகொண்டார். கேமராவில் படாத மூலையில், தரையில் நான்.

திரையில் இரண்டு பெண்கள். முக்கால் மணி நேரம் மற்ற கேள்விகள். பிறகு அந்தப் பயிற்சி. இந்த முறை மகன் அல்ல, மகள். அவர்களில் வயதான பெண்மணி மகளாகி, என் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மகன் என்றுதான் நாங்கள் அதிகம் பழகியிருந்தோம். அக்காவின் அம்மா அன்று காலைதான் டயாலிசிஸ் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். அக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடிப்பதைப் பார்த்தேன்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார் அக்கா. வீட்டில் என்றார் அந்தப் பெண்மணி. கூட யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. பக்கத்து வீட்டில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றார் அக்கா. சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருந்தார். திரையில் அந்தப் பெண்மணி என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பத்து வினாடி, இருபது வினாடி. மறுபடி சீரியஸ் என்று சொல்லப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று அந்தப் பெண்மணி மெதுவாகச் சொன்னது கேட்டது.

அக்கா சொன்னார். அம்மா இறந்துவிட்டார், காலை ஆறேகாலுக்கு, நான் பக்கத்தில்தான் இருந்தேன், வலி இல்லாமல் பார்த்துக்கொண்டோம். மெதுவாக வாருங்கள், உங்களுக்காகக் காத்திருப்போம்.

ஆறேகால் என்பது நாங்கள் பழகியதில் இல்லை. அது யாருடைய நேரம் என்று எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்தது. நான்கு நாளில் கடிதம், ஐந்து மாதத்தில் விசா. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் என்னைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். அம்மா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் அவர் கணவரும் பின்பக்கம் துணி காயும் இடத்தில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா சீரியஸ்னு சொல்லாதீக. நான் அத்தனை தூரம் பிளைட்ல உக்காந்து நம்பிக்கிட்டு வரமாட்டேன். நேரா சொல்லிருங்க."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கணவர் கொடியில் கிடந்த துண்டை இழுத்து நேராக்கினார். பேச்சுக் குறைந்த மனிதர். "என்னால ஆகாது" என்றார். "அந்த நேரத்துல எனக்கு வாயி வராது. பாப்பா சொல்லட்டும். பாப்பாதானே உனக்கு இதச் சொல்லிக்குடுத்தது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். எப்போதும்போல வேகமாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா விமானம் ஏறி எட்டு மாதம் ஆகிறது. அம்மா இருக்கிறார், வாரம் இரண்டு நாள் கணவரே ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். அவர் நம்பரிலிருந்து போன் வந்தால் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்துதான் எடுக்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் சின்ன விஷயங்கள்: மகளுக்கு ஒரு விண்ணப்பம் பூர்த்தி செய்ய வேண்டும், வீடியோவில் அக்காவின் முகம் தெரியவில்லை. பேசிவிட்டு உள்ளே போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

எதையும் வாய்விட்டுப் பழகாமல் நேரம் வரும்போது பேச வராது என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள் நான். அதனால் சென்ற வாரம் எல்லோரும் போனபிறகு, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, காதில் கையை வைத்துப் பழகிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அல்ல, அக்காவிடம் நான் ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. அக்கா, எங்கன இருக்கீக என்று கேட்டேன். கூட யாரு இருக்கா என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. நாளை மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.